திரும்பி வந்த படச்சுருள்கள்

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963 பிப்ரவரியில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 23-இல் பிபிசியில் ‘டாக்டர் ஹூ’ தொடங்கியது. காலத்தில் பயணிக்கும் வேற்றுக்கிரகவாசியின் கதை. சிங்கப்பூரும் அதை வாங்கி ஒளிபரப்பியது. சைனாடவுன் போன்ற நெரிசலான பகுதிகளில் அன்று பலருக்குச் சமூக நிலையத்துப் பெட்டிதான் திரை.

பிபிசி தன் காணொளி நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. நாடா விலை அதிகம். மறுஒளிபரப்பு உரிமையோ குறைவு. அன்றைய கணக்கில் அது மடத்தனமன்று. ஆனால் வெளிநாட்டு விற்பனைக்கு 16 மி.மீ. படச்சுருளில் பிரதிகள் எடுக்கப்பட்டன. ஒளிபரப்பிய நிலையங்கள் அவற்றை அடுத்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும், அல்லது திருப்பித் தர வேண்டும், இல்லையேல் அழிக்க வேண்டும். எல்லோரும் அப்படிச் செய்யவில்லை என்பதே ரசிகர்களின் அதிர்ஷ்டம்.

1992-இல் ‘டூம் ஆஃப் த சைபர்மென்’ கதையின் நான்கு பகுதிகளும் ஹாங்காங்கிலிருந்து கிடைத்து வெளிவந்தன. நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கிடைத்த ஒன்பது பகுதிகள் 2013-இல் அறிவிக்கப்பட்டன. 1960களின் பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்னும் காணோம். ஆனாலும், ரசிகர்கள் வீட்டில் பதிந்துவைத்ததால் அத்தனைக்கும் ஒலி இருக்கிறது. சிலவற்றுக்கு அசைபடமும் சேர்க்கப்பட்டுள்ளது.