ஒரே சர்க்கரை, இரண்டு வேலை

பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெல்ல ஆலைகளில், சாறு பிழிந்த கரும்புச் சக்கைதான் கொப்பரைக்கு அடியில் எரிகிறது. காவிரிக்கு அக்கரையில் புகளூர்க் காகித ஆலையில் கரும்புச் சக்கை காகிதமாகிறது. ஓரிடத்தில் எரிபொருள், இன்னோரிடத்தில் மூலப்பொருள். மூளையும் மூளைப் புற்றுக்கட்டியும் குளுக்கோஸைக் கையாளும் விதத்திலும் இப்படியொரு வேறுபாடு உண்டு.

நம் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. நரம்பு செல்கள் ஓயாமல் சமிக்ஞை அனுப்புவதற்கான செலவு இது. அதற்காக மூளை குளுக்கோஸை ஆக்சிஜனோடு சேர்த்து முழுவதுமாக எரிக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி சுமார் 30 கிடைக்கிறது.

புற்றுச் செல்கள் ஆக்சிஜன் இருந்தாலும் குளுக்கோஸை ஏராளமாக லாக்டிக் அமிலமாக்கிவிடுவதை 1920களில் ஓட்டோ வார்பர்க் கண்டறிந்தார். இந்த வழியில் கிடைப்பது 2 ஏடிபி மட்டுமே. ஏன் இந்த வீண்செலவு? பெருகும் செல்லுக்கு ஆற்றல் மட்டும் போதாது. புதிய டிஎன்ஏவும் செல் சவ்வும் கட்ட கார்பன் வேண்டும்.

மூளைக் கட்டிகளில் இதை நேரடியாகக் காட்டியது மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு. அறுவை சிகிச்சையின்போது நோயாளிகளுக்கு அடையாளமிட்ட குளுக்கோஸை ஏற்றி, அதன் கார்பன் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தார்கள். இயல்பான மூளைப் புறணி அதை ஆற்றலுக்கும் நரம்புக் கடத்திகளுக்கும் செலவிட்டது. கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டி டிஎன்ஏவின் கட்டுமானப் பொருள்களுக்குத் திருப்பிவிட்டது.

கட்டியின் இந்தச் சர்க்கரைப் பசியைப் பெட் ஸ்கேன் பயன்படுத்திக்கொள்கிறது. கதிரியக்க புளோரின் சேர்த்த குளுக்கோஸ் செல்லுக்குள் போகும். மேற்கொண்டு எரியாமல் அங்கேயே தங்கிவிடும். வீரியமான கட்டி படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் மூளையே குளுக்கோஸை நிறைய இழுப்பதால், மெதுவாக வளரும் கட்டி அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடலாம். அப்போது மெத்தியோனின் போன்ற அமினோ அமிலத் தடங்காட்டிகள் உதவும். இயல்பான மூளை அவற்றை அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை.

வெல்லத்தையும் சர்க்கரையையும் நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்குமா? கிடக்காது. கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். ஸ்கேனுக்கு முன் 4 முதல் 6 மணி நேரம் எதுவும் சாப்பிடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் வேறு: ரத்தத்தில் சர்க்கரை கூடினால் ஊசியில் ஏற்றும் குளுக்கோஸோடு போட்டியிட்டுப் படத்தை மங்கலாக்கும். நீரிழிவு உள்ளவர்கள் நாள் குறிக்கும்போதே அதைச் சொல்லிவிடுவது நல்லது.