பழைய எஸ்.யூ.வி.யின் ஏர் சஸ்பென்ஷன் பழுது: ஆபத்து, தீர்வு, உரிமை

இரும்புச் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர் பைகள் வண்டியின் எடையைத் தாங்கும் அமைப்பே ஏர் சஸ்பென்ஷன். ரேஞ்ச் ரோவரில் இது 1992-இல் வந்தது. பின்னர் லேண்ட் ரோவர் டிஸ்கவரி, ஆடி கியூ7, மெர்சிடிஸ் ஜி.எல்., போர்ஷே கெயென் போன்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளிலும் இடம்பிடித்தது. மேடுபள்ளத்தில் வண்டியை உயர்த்தலாம், நெடுஞ்சாலையில் தாழ்த்தலாம், பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் அமுங்காது. இவ்வண்டிகள் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடியபின் பழைய வாகனச் சந்தைக்கு மலிவாக வருகின்றன. வண்டியின் விலை இறங்கினாலும் அதன் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. எனவே பழுதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பதும், வாங்குவது முதல் ரிப்பேர் வரை எல்லாவற்றையும் எழுத்தில் பெறுவதும் உரிமையாளருக்கு இன்றியமையாதவை.

பழுது வளரும் விதம்

கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து அழுத்துகிறது. டிரையருக்குள் இருக்கும் மணிகள் அந்தக் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகின்றன. உலர்ந்த காற்று வால்வு பிளாக் வழியாக நான்கு பைகளுக்கும் பிரிந்து செல்கிறது. பல வண்டிகளில் ஒரு சேமிப்புத் தொட்டியும் உண்டு. சக்கரங்களின் அருகே உள்ள உயர சென்சார்கள் வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைக் கண்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்கின்றன.

பழுது பெரும்பாலும் ரப்பரில்தான் தொடங்கும். பை மடிந்து விரியும் இடத்தில் வெயில், தூசி, வயது ஆகியவற்றால் வெடிப்பு விழும். குழாய் இணையும் இடங்களில் உள்ள ஓ-ரிங்குகளும் இறுகிக் கசியும். கசிவை ஈடுகட்டக் கம்ப்ரசர் அடிக்கடி ஓடும். அதனால் சூடேறிப் பிஸ்டன் சீல் தேயும், ரிலே ஒட்டிக்கொள்ளும், கடைசியில் மோட்டார் கருகும். டிரையரின் மணிகள் பொடிந்தால் அந்தத் தூள் வால்வு பிளாக்கை அடைக்கும். ஒரு ஓ-ரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு இப்படித்தான் கம்ப்ரசர், வால்வு பிளாக் என்று பெருகுகிறது. கசிவை அடைக்காமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதிய கம்ப்ரசருக்கும் அதே கதி நேரும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் கூடுதல் கவனம் தேவை. பல மாடல்களில் கம்ப்ரசர் வண்டியின் அடிப்பகுதியில் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. நீரில் நின்ற கம்ப்ரசரும் மின் இணைப்புகளும் உடனே கெடாமல், சில மாதங்கள் கழித்துத் துருவேறிச் செயலிழக்கலாம்.

அறிகுறிகளும் எளிய சோதனையும்

காலையில் ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருப்பது, கம்ப்ரசர் வெகுநேரம் ஓடுவது, உயர்நிலைக்கு ஏற வண்டி வழக்கத்தைவிட அதிக நேரம் எடுப்பது, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிவது ஆகியவை முக்கியமான அறிகுறிகள்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரையுள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை மீண்டும் அளக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பையையோ அதன் இணைப்பையோ முதலில் பார்க்க வேண்டும். முன்பக்கமோ பின்பக்கமோ இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கினால் வால்வு பிளாக்கிலும் கோளாறு இருக்கலாம். வண்டி இறங்கவில்லை, ஆனால் ஏறவும் மறுக்கிறது என்றால் கம்ப்ரசர், ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளித்தால் கசியும் இடத்தில் குமிழி எழும். தேதியிட்ட அளவுக் குறிப்புகளும் புகைப்படங்களும் பின்னாளில் புகார் கொடுக்க நேர்ந்தால் சான்றாகும்.

உயிருக்கு ஆபத்து எங்கே

காற்றுப் பையின் ஆதாரத்தில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் செல்லக் கூடாது. குழாய் கழன்றாலோ வால்வு திறந்தாலோ இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட எடை நொடியில் இறங்கிவிடும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளை நிறுத்திய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். தானாக உயரத்தைச் சரிசெய்யும் வசதியை, கையேடு சொல்லும் முறையில் முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். பல அமைப்புகளில் காற்றழுத்தம் 10 பாரைத் தாண்டும். கார் டயரில் இருப்பது சுமார் 2 முதல் 2.5 பார்தான். ஆகவே காற்றை முறைப்படி வெளியேற்றாமல் குழாயைக் கழற்றுவது கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து.

பை முற்றிலும் இறங்கினால் வண்டி பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர்க் கட்டைகள் மேல் உட்கார்ந்துவிடும். அந்த நிலையில் ஓட்டினால் ஒவ்வொரு குழியின் அதிர்ச்சியும் ஆர்ம், புஷ், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றில் நேராக இறங்கும். டயர் உடலில் உரசலாம், திருப்பத்தில் வண்டி கட்டுப்பாட்டை இழக்கலாம். உயர்நிலையில் சிக்கிக்கொண்ட வண்டியும் வேகத்தில் கவிழும் அபாயம் உள்ளது. கையேட்டில் உள்ள வேக வரம்புக்குள் அருகிலுள்ள பாதுகாப்பான இடம் வரை சென்று, அங்கிருந்து பிளாட்பெட் வண்டியில் ஏற்றி அனுப்புவதே நல்லது.

தீர்வுகளைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் கசிவு, பிறகு கம்ப்ரசர் என்பதே சரியான வரிசை. ஓ-ரிங், குழாய் இணைப்பு போன்றவற்றைத் தனியாக மாற்றலாம். பல மாடல்களில் கம்ப்ரசரின் பிஸ்டன் சீலையும் டிரையர் மணிகளையும் மட்டும் மாற்றிப் புதுப்பிக்க முடியும். ஒரு பக்கப் பை வயதால் வெடித்திருந்தால், அதே அச்சிலுள்ள இணைப் பையையும் மாற்றுவது நல்லது. கம்ப்ரசரை மாற்றும்போது ரிலேயையும் மாற்ற வேண்டும். முடிவில் ஸ்கேனர் மூலம் உயரத்தை அளவீடு செய்யாவிட்டால் வண்டி சாய்ந்து நிற்கும்.

சிலர் ஏர் சஸ்பென்ஷனை அகற்றிவிட்டுக் காயில் ஸ்பிரிங் பொருத்துகிறார்கள். பராமரிப்பு குறையும், உயரத்தை மாற்றும் வசதியும் பாரத்துக்கேற்பச் சமன்படும் வசதியும் போய்விடும். தவறான ஸ்பிரிங் பொருத்தினால் வண்டியின் நிலைப்புத்தன்மையும் ஹெட்லைட் கோணமும் கெடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதற்கு வரம்பு விதிக்கிறது. ஆகவே இந்த மாற்றத்துக்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துமூலம் பதில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

காப்பீட்டில் கிடைப்பதும் கிடைக்காததும்

வழக்கமான கார் பாலிசி தேய்மானத்தையும் இயந்திர, மின் பழுதையும் ஏற்பதில்லை. வயதால் வெடித்த பைக்கு இழப்பீடு கிடைக்காது. விபத்தில் பை கிழிந்தாலோ வெள்ளத்தில் கம்ப்ரசர் மூழ்கினாலோ உரிமை கோரலாம். அப்போதும் ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கப்படும். தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசி எடுத்திருந்தால் நிலைமை மாறலாம். அதன் நிபந்தனைகளைப் படித்துப் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது உள்ள உரிமை

வியாபாரியிடம் பழைய வண்டி வாங்குபவரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியவருக்கு விலக்கு உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன வியாபாரிகளுக்குப் பதிவு அதிகாரியின் அங்கீகாரச் சான்று தேவை. அதைக் கேட்டுப் பார்ப்பது வாங்குபவரின் முதல் வேலை.

தனிநபரிடம் வாங்கினால் பாதுகாப்பு குறைவு. விற்பவர் தெரிந்தே பழுதைப் பற்றிப் பொய் சொன்னால் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஒப்பந்தத்தை ரத்துசெய்யக் கோரலாம். ஆனால் விற்பவர் வாய் திறக்காமல் இருந்துவிட்ட பழுது, சாதாரணக் கவனத்திலேயே வாங்குபவருக்குத் தெரிந்திருக்கக் கூடியது என்றால் அந்த வழி அடைபட்டுப் போகலாம். அதனால் வாங்கும் முன்பே வண்டியை ஓரிரவு நிறுத்திப் பார்த்து, எல்லா உயரநிலைகளிலும் ஏற்றியிறக்கி, ஸ்கேனர் அறிக்கை பெற்று, "சஸ்பென்ஷனில் பழுது இல்லை" என்று விற்பவர் கையொப்பமிட்ட குறிப்பையும் வாங்கிவிட வேண்டும்.

அரசு உத்தரவிட்டுப் பழுதான வண்டிகளைத் திரும்பப் பெறச் செய்யும் விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவை ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சேஸிஸ் எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து, நிலுவையில் ஏதும் திருத்தப்பணி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஒர்க்‌ஷாப்பில் உள்ள உரிமை

எழுத்துமூல எஸ்டிமேட், ஜாப் கார்டு, ஜி.எஸ்.டி. எண்ணுள்ள பில், மாற்றிய பாகத்துக்கான உத்தரவாதம் ஆகியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பத் தருமாறும் முன்கூட்டியே ஜாப் கார்டில் எழுத வைக்க வேண்டும். எஸ்டிமேட்டில் இல்லாத வேலையைக் கேட்காமல் செய்து பணம் கேட்பதும், பழுதின் காரணத்தைக் கண்டறியாமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போவதும் சேவைக் குறைபாடு என்று புகார் செய்யத்தக்கவை.

உதிரிபாகம் கிடைக்காத பிரச்சினையும் சட்டத்தின் கவனத்துக்கு வந்திருக்கிறது. வெளிச் சந்தையில் உதிரிபாகங்களும் பழுதுநீக்கக் கருவிகளும் கிடைக்காமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குச் சென்றன. பழுதுநீக்கும் உரிமைக்கென நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-இல் தனி இணையதளம் தொடங்கியது.

புகார் செய்யும் வழி

முதலில் வியாபாரிக்கோ ஒர்க்‌ஷாப்புக்கோ பதிவுத் தபாலில் புகார் அனுப்பிப் பதிலுக்குக் கெடு வைக்க வேண்டும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையவழியிலும் மனு செய்யலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்தாக வேண்டும்.

மனுவோடு பில், ஜாப் கார்டு, அளவுக் குறிப்புகள், இன்னொரு தகுதியான மெக்கானிக்கின் எழுத்துமூல அறிக்கை ஆகியவற்றை இணைக்க வேண்டும். வழக்கு முடியும்வரை கழற்றிய பாகத்தைத் தூக்கி எறியக் கூடாது. சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதங்களுக்குள்ளும், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதங்களுக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் தாமதம் ஏற்படுவதுண்டு. தீர்ப்பில் குறை இருந்தால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆணையத்தின் உத்தரவை எதிர்த்தரப்பு நிறைவேற்றாவிட்டால், ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 72-ஆம் பிரிவு இடமளிக்கிறது.