கனா, கனவு, சொப்பனம்

வத்தலக்குண்டு வெற்றிலை மண்டிப் பக்கம் வயதானவர்கள் பேச்சைக் கவனியுங்கள். "நேத்து ராவுல ஒரு கெனா" என்பார் ஒருவர். அதையே இன்னொருவர் "சொப்பனம்" என்பார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது "கனவு". சொல் மூன்று, வேர் இரண்டுதான்.

கனாவும் கனவும் ஒரே சொல். தனிக்குறிலை அடுத்து ஆகாரம் வந்து முடியும் சொற்களுக்குத் தொல்காப்பியமும் பவணந்தி முனிவரின் நன்னூலும் விதி வகுத்திருக்கின்றன. அந்த ஆகாரம் குறுகும். குறுகியதோடு உகரமும் சேரும். கனா 'கன' ஆகி, உகரம் சேரும்போது நடுவே வகர உடம்படுமெய் நுழைய, கனவு பிறக்கிறது. நிலா நிலவானதும், இரா இரவானதும், சுறா சுறவானதும் இந்த வழியில்தான். ஆகவே கெனாவைக் கொச்சை என்று ஒதுக்குவது நியாயமே இல்லை. கண்ணகி தன் கனவைத் தேவந்தியிடம் சொல்லும் பகுதிக்குச் சிலப்பதிகாரம் இட்ட பெயர் 'கனாத்திறம் உரைத்த காதை'. திருக்குறளின் 122ஆம் அதிகாரமோ 'கனவுநிலை உரைத்தல்'. கன்னடத்தில் கனசு, தெலுங்கில் கல, மலையாளத்தில் கனவு, கினாவு. எல்லாம் ஒரு குடும்பம்.

பழந்தமிழில் 'கனவுதல்' என்று தனி வினையே இருந்தது. அது வழக்கொழிந்துவிட்டது; எனக்கு அதில் வருத்தம்தான். இன்று கனவைக் 'காண்கிறோம்', அல்லது அது நமக்கு 'வருகிறது'.

"எனக்குக் கனவு வந்தது" என்னும்போது கண்டவர் எழுவாய் அல்ல. நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். நம்மோடு எந்த உறவும் இல்லாத ஐரிஷ் மொழியிலும் இப்படி ஓர் அமைப்பு உண்டு. 'தாய்வ்ரீ' என்ற வினையை எழுவாய் இல்லாத வடிவத்தில் போட்டு, 'எனக்கு' என்று பொருள்படும் சொல்லைச் சேர்ப்பார்கள். கனவுக்கு அங்கே 'ஆஷ்லிங்' என்றொரு பெயருமுண்டு. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அது கவிதை வகையாகவே வளர்ந்தது: கவிஞரின் கனவில் அயர்லாந்து ஒரு பெண்ணாகத் தோன்றித் தன் துயரைச் சொல்லும்.

சொப்பனத்தின் வழி வேறு. வடமொழி 'ஸ்வப்ன' தமிழ் நாவுக்கேற்ப மாறியது. கிரேக்க 'ஹிப்னோஸ்', லத்தீன் 'சோம்னஸ்', ஐரிஷ் 'சூஅன்' மூன்றுக்கும் உறக்கம் என்று பொருள்; மூன்றும் ஸ்வப்னத்தின் உடன்பிறப்புகள். மண்டியில் காதில் விழும் சொப்பனத்துக்கு அயர்லாந்தில் சொந்தம் இருக்கிறது!

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கெனா என்றால் திருத்தாதீர்கள். பிள்ளைகளுக்கும் அந்தச் சொல்லைப் பழக்குங்கள்.