ஐந்து ஆண்டு யோசித்த மனைவி

மும்பையிலிருந்து ஷீரடிக்குப் போகும் தமிழர்கள் பலர், அப்படியே சனி சிங்கணாப்பூருக்கும் ஒரு நடை போய்த் திரும்புவது வழக்கம். வழியில் ராகுரி என்று ஓர் ஊர் வரும். டீ குடித்துவிட்டு வண்டி ஏறுகிறவர்களுக்கு, அந்த ஊரில் ஒரு காலத்தில் குடியிருந்த லட்சுமிபாய் திலக் அம்மையாரைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. மராத்திக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். படித்தவர்களானால் உடனே முகம் மலரும்.

திலக் என்றதும் லோகமான்ய திலகரின் குடும்பமோ என்று எண்ண வேண்டாம். இவருடைய கணவர் நாராயண் வாமன் திலக், மராத்தியின் புகழ்பெற்ற கிறிஸ்தவக் கவிஞர். கணவருடைய புகழ் பெரியது. ஆனால் இன்று விரும்பிப் படிக்கப்படுவது மனைவி எழுதிய வாழ்க்கை வரலாறுதான்.

உப்பையும் கழுவிய வீடு

நாசிக்குக்குப் பக்கத்தில் ஜலால்பூர் என்ற சிற்றூரில் 1868-ம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மனகர்ணிகா. சித்பவன பிராமணக் குடும்பம். தகப்பனாருக்கு ஆசாரப் பித்து. கடையிலிருந்து வரும் சாமான் எதுவானாலும் தண்ணீரில் கழுவித்தான் வீட்டுக்குள் எடுக்க வேண்டும். உப்புக்கும் அதே சட்டம்! கழுவினால் உப்பு என்ன ஆகும் என்பது சமையல் தெரிந்தவர்களுக்கு விளங்கும். இந்தக் கொடுமையைப் பின்னாளில் அம்மையார் கோபப்பட்டு எழுதவில்லை, சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். படிக்கிறவர்களுக்குத்தான் நெஞ்சு கனக்கும்.

1880-ல், பதினோரு வயதில் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பதினெட்டு. அந்த நாள் வழக்கப்படி மணப்பெண்ணின் பெயரை மாற்றி லட்சுமி என்று வைத்தார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண். எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் கணவரே.

கணவர் நல்லவர், ஆனால் ஓரிடத்தில் நிலைக்காதவர். கவிதை, பிரசங்கம், பத்திரிகை, பள்ளி ஆசிரியர் வேலை என்று மாறிக்கொண்டே இருப்பார். கையில் காசு வந்தால் கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார். சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போவார். எங்கிருந்தோ ஒரு கடிதம் வரும். மனைவி மாமனார் வீட்டிலோ பிறந்தகத்திலோ இருந்துகொண்டு தபால்காரரை எதிர்பார்ப்பார். பிழைப்புக்காகக் கணவர் ஓர் ஊரிலும் மனைவி ஓர் ஊரிலுமாக இருக்கும் குடும்பங்களுக்கு இது புதிய கதை அல்ல. ஒரு வித்தியாசம், இவருக்கு மணியார்டரும் ஒழுங்காக வராது.

இடி விழுந்த நாள்

1893-ல் திலக் நாக்பூரிலிருந்து ராஜ்நந்த்காவுக்கு ரயிலில் போனார். எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் பேச்சுக் கொடுத்தார். இறங்கும்போது ஒரு புதிய ஏற்பாட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திலக் அதைப் படித்தார், விடாமல் படித்தார். 1895-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி, அன்றைய பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்.

செய்தி வந்தபோது லட்சுமிபாய்க்கு வயது இருபத்தாறு. கையில் தத்து என்ற சின்ன மகன். கணவர் உயிரோடு இருக்கிறார். ஆனால் சாதியின் கணக்கில் செத்தவருக்குச் சமம். மஞ்சள் குங்குமம் உண்டு, வாழ்க்கை இல்லை. அவர் ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயந்து உறவினர்கள் காவல் இருந்தார்கள். அந்தத் துயரத்தின் நடுவேதான் அவருக்குள்ளிருந்து கவிதையும் பிறந்தது.

மகனோடு பண்டர்பூரில் அக்காள் குடும்பத்தின் நிழலில் இருந்தார். விட்டலன் சந்நிதி உள்ள ஊர். கிறிஸ்தவனின் மனைவி என்ற ஏச்சு ஒரு பக்கம். கணவரிடமிருந்து வரும் கடிதங்கள் மறுபக்கம். இப்படியே ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஓடிற்று.

கணவரை அடியோடு மறந்துவிடு என்று சொன்னவர்கள் உண்டு. அம்மையார் மறக்கவும் இல்லை; கணவர் போன வழி என்று உடனே ஓடவும் இல்லை. பதிவிரதை என்றால் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போகிறவள் என்று நினைப்பவர்கள் இந்த ஐந்து ஆண்டைக் கவனிக்க வேண்டும்.

ஒரு வீடு, இரண்டு சமையல்

கடைசியில் கணவரிடம் போனார், இந்துவாகவே போனார். அகமத்நகரில் (இன்று அது அகல்யாநகர்) திலக் மிஷன் வேலையில் இருந்தார். மனைவிக்குத் தனிச் சமையல், தனித் தண்ணீர், தன் பூஜை. திலக் ஒரு வார்த்தையும் கட்டாயப்படுத்தவில்லை. இதை அவருடைய பெருமையாகவே சொல்ல வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்கிறவர், வீட்டில் வாயை மூடிக்கொண்டிருப்பது லேசான காரியம் அல்ல.

மாற்றம் அம்மையாரின் சொந்த யோசனையிலிருந்தே வந்தது. பிரசங்கம் கேட்டோ, புத்தகம் படித்தோ அல்ல. சாதியைக் கடவுள் செய்தாரா, மனிதன் செய்தானா என்ற ஒரே கேள்வியை மனத்துக்குள் போட்டுப் புரட்டினார். மிருகங்களையும் பறவைகளையும் வேறு வேறாகப் படைத்தவர், மனிதர்களை மட்டும் ஒரே உருவில் படைத்தாரே என்று பட்டது. அன்றோடு தீட்டு போயிற்று. யார் கையால் தண்ணீர் கொடுத்தாலும் குடிக்கத் துணிந்தார். உப்பைக் கழுவிய வீட்டில் வளர்ந்த பெண் எடுத்த முடிவு இது! திலக் திகைத்துப் போனார்.

அதற்குப் பிறகுதான் 1900-ல் ஞானஸ்நானம்.

எல்லோருக்கும் தாய்

அந்த வீட்டில் சொந்தப் பிள்ளைகள் மட்டும் சாப்பிட்டதாகச் சரித்திரமே இல்லை. பஞ்ச காலத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகள், படிக்க வந்த ஏழைப் பையன்கள் என்று திலக் அழைத்து வந்துகொண்டே இருப்பார். சம்பளம் குறைவு, அதிலும் பாதி தானம். அடுப்படியில் நின்று கணக்குப் பார்த்தது அம்மையார். சண்டை வராமல் இருக்குமா? வந்தது. இருவருக்கும் முன்கோபம். அதையும் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். தியாகச் சுடர் என்று தம்மைத் தாமே காட்டிக்கொள்ளும் ஆசை அவருக்குத் துளியும் இல்லை.

அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் திரியம்பக் பாபுஜி தோம்ப்ரே. 'பால்கவி' என்று மராத்தியர் கொண்டாடும் இளங்கவிஞர். 1907-ல் ஜல்காவில் நடந்த கவிஞர் மாநாட்டில் அந்தப் பெயரைப் பெற்ற பையன் பிறகு அகமத்நகரில் இந்தக் கிறிஸ்தவக் குடும்பத்தோடு தங்கினார். இந்துவாகவே தங்கினார், யாரும் மாறச் சொல்லவில்லை. அவருடைய பிடிவாதம், கோபம், மனத்தாங்கல் எல்லாவற்றையும் அம்மையார் பெற்ற பிள்ளையின் குறும்பைப் போல் சகித்தார். 1918-ல் ஜல்காவுக்கு அருகே பாத்லி ஸ்டேஷனில் தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயிலில் அடிபட்டு பால்கவி இறந்தார். வயது இருபத்தேழு.

மறு ஆண்டு, 1919 மே 9-ந் தேதி, மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் திலக்கும் காலமானார்.

பாதியில் நின்ற காவியம்

இயேசுநாதரின் சரித்திரத்தை மராத்திக்கே உரிய ஓவி யாப்பில் 'கிறிஸ்தாயண்' என்ற பெயரில் பாட திலக் ஆசைப்பட்டார். சுமார் பத்து அத்தியாயங்களோடு நின்றுபோயிற்று. அதை எடுத்து, மேலும் 64 அத்தியாயங்கள் பாடி முடித்தவர் லட்சுமிபாய். இலக்கணம் படித்தவர் அல்ல. எழுத்துப் பிழை இல்லாமல் எழுதவே சிரமப்படுவார். மராத்தி வீடுகளில் திருகை அரைக்கும்போதும் தொட்டில் ஆட்டும்போதும் பெண்கள் பாடுவது ஓவி. காதால் கேட்டு வளர்ந்த அந்த ஓசைதான் கைகொடுத்தது.

மகன் தத்து, அதாவது தேவதத்த திலக், வேலை நிமித்தமாகக் கராச்சிக்குப் போனபோது அம்மையாரும் கூடவே போய் இருந்தார். தகப்பனாரின் வரலாற்றை எழுத எண்ணிய மகன், நினைவில் இருப்பதை எழுதிக் கொடுங்கள் என்று தாயைக் கேட்டுக்கொண்டார். தாய் எழுத உட்கார்ந்தார். கணவரின் கதையாகத் தொடங்கியது இருவரின் கதையாக வளர்ந்தது. அதுவே 'ஸ்மிருதி சித்ரே', நினைவுச் சித்திரங்கள். 1934 முதல் பாகம் பாகமாக வெளிவந்தது. சமையலறையில் பேசுகிற மராத்தி, அலங்காரம் கிடையாது. சிரித்துக்கொண்டே போகும்போது, திடீரென்று ஒரு வரி தொண்டையை அடைக்கும்.

நான்காம் பாகம் முடியவில்லை. 1936 பிப்ரவரி 24-ந் தேதி நாசிக்கில் அம்மையார் கண் மூடினார். மிச்சத்தை எழுதிச் சேர்த்தவர் தத்து. பண்டர்பூரில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே பிள்ளை.

1950-ல் இந்நூல் ஆங்கிலத்துக்குப் போயிற்று. 2017-ல் சாந்தா கோகலே மறுபடியும் முழுமையாக மொழிபெயர்த்தார். விஜயா மேத்தா இதைப் படமாகவும் எடுத்திருக்கிறார். தாதரிலோ தானேயிலோ மராத்திப் புத்தகக் கடைகளில் பெயரைச் சொன்னால் போதும், எடுத்துத் தருவார்கள். மராத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள், அந்த உப்புக் கதை வரும் முதல் பக்கங்களிலிருந்தே தொடங்கலாம்.