மண்ணரிப்பும் வானக் கண்ணும்

உழவருக்கு நிலமே முதல். அந்நிலத்தில் ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆயினும், புல்லும் மரமும் இன்றி வெறுமையாய்க் கிடக்கும் சரிவில் ஒரு பெருமழை அதனை ஒரே நாளில் வாரிச் சென்றுவிடக்கூடும். இவ்விழப்பின் கொடிய வடிவத்தை நம் நாட்டில் சம்பல் ஆற்றங்கரையிலே காணலாம்.

சம்பல் ஆறு மத்தியப் பிரதேசத்தில் விந்திய மலைத்தொடரிலே தோன்றி, ஏறத்தாழ 960 கிலோமீட்டர் ஓடி, உத்தரப் பிரதேசத்தில் யமுனையோடு கலக்கின்றது. மொரேனா, பிண்ட், தோல்பூர் ஆகிய மாவட்டங்களில் அதன் கரையோர நிலம் எண்ணற்ற பள்ளங்களால் பிளவுண்டு கிடக்கின்றது. அங்குள்ள மக்கள் இதனைப் ‘பீஹட்’ என்பர்.

இப்பள்ளங்கள் எவ்வாறு தோன்றுகின்றன? ஆறு ஆழமாய் ஓடுகின்றது. அதன் இருபுறத்து நிலமோ உயரமாயும் மென்மையான வண்டல் மண்ணாயும் உள்ளது. மழைநீர் முதலில் மேல்மண்ணை மெல்லிய படலமாக அரிக்கின்றது. பின்னர், சிறு சால்களாகக் கூடி ஓடுகின்றது. சால்கள் பல சேர்ந்து பள்ளம் ஆகின்றன. பள்ளத்தின் தலைப்பகுதியில் நீர் செங்குத்தாக விழுந்து அடிமண்ணைக் குடைய, மேல்மண் சரிந்து வீழ்கின்றது. இவ்வாறு பள்ளத்தின் தலை ஆற்றிலிருந்து விலகி, வயலை நோக்கி ஏறிச் செல்கின்றது. ஆகவே, பள்ளத்தின் தலையைத் தடுத்தாலன்றி வயலைக் காத்தல் அரிது.

ஆனால், எந்தப் பள்ளத்தின் தலை விரைந்து நகர்கின்றது என்பதை அறிவது எளிதன்று. முளை அடித்து, அளவு நாடா பிடித்து அளப்போர் சரியும் கரையில் நிற்க வேண்டும். செயற்கைக்கோள் படங்கள் பரந்த நிலத்தைக் காட்டுவன; எனினும், லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி பெரும்பாலும் 30 மீட்டர் அளவினது; சென்டினல்-2 படத்தின் நுண்ணிய புள்ளியும் 10 மீட்டர் அளவினது. இரண்டு மீட்டர் நகர்வு அவற்றில் தெளிவாகப் புலப்படாது.

இவ்விடத்தில்தான் ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தி துணை செய்கின்றது. அது பள்ளத்தின் மேல் வரிசை வரிசையாகப் பறந்து, ஒன்றன்மேல் ஒன்று பெரும்பகுதி பொருந்துமாறு நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கின்றது. ஒரே இடத்தை வெவ்வேறு கோணங்களில் காட்டும் அப்படங்களைக் கணினி ஒப்பிட்டு, மேடுபள்ளங்களின் முப்பரிமாண வடிவத்தை அமைக்கின்றது. நிலத்தில் முன்னரே அளந்து குறித்த அடையாளங்கள் அவ்வடிவத்தை உரிய இடத்திலும் அளவிலும் பொருத்துகின்றன. சில சென்டிமீட்டர் நுணுக்கமும் இதனால் கிட்டுகின்றது.

மழைக்கு முன் ஒரு படமும், மழைக்குப் பின் ஒரு படமும் அமைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இழந்த மண்ணின் அளவு தெரியும். மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் ஆழமும் உள்ள ஒரு பள்ளத்தின் தலை இரண்டு மீட்டர் முன்னேறியது எனக் கொள்வோம். போன மண் 24 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.4 டன் என வைத்தால், எடை ஏறத்தாழ 34 டன் ஆகும். ஒரு சிறு பள்ளத்தின் இழப்பே இத்துணை!

இக்கருவிக்கும் எல்லை உண்டு. அடர்ந்த புதர் மூடிய மண்ணையும், குடைந்த கரையின் அடிப்பகுதியையும் மேலிருந்து எடுக்கும் படம் காட்டாது. பலத்த காற்றில் பறத்தல் இடர் தரும். மேலும், 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளுக்கு இணங்கவே அதனைப் பறக்கவிடுதல் வேண்டும்.

பள்ளங்களைச் சீர்செய்யும் முறைகளை ஆராய 1954-ஆம் ஆண்டிலேயே கோட்டாவில் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. மேட்டு வயலில் வரப்பு எழுப்பி நீரைத் தேக்குதல், பள்ளத்தில் சிறு தடுப்பணைகள் கட்டுதல், சரிவில் புல்லும் மூங்கிலும் வளர்த்தல் ஆகியவை பயன் தரும் முறைகளாம். நீரின் வழியை ஆராயாமல் பள்ளத்தை வெறுமனே மண்ணிட்டு மூடினால், அடுத்த மழை அதனை மீண்டும் திறந்துவிடும். தடுப்பை எங்கே முதலில் அமைக்க வேண்டும் என்பதையே வானிலிருந்து எடுத்த படம் கூறுகின்றது.

ட்ரோன் ஒரு பிடி மண்ணையும் தடுத்து நிறுத்துவதில்லை. அது காணும் கண். காக்கும் கை மனிதனுடையதே. கண் காட்டிய இடத்தில், அடுத்த மழைக்குமுன் கை உழைத்தால் வயல் பிழைக்கும்.