வானத்திலிருந்து பார்த்த முருகைக்கல்

இரத்தோட்டையில் எங்கு நின்று நோக்கினும் கடல் தெரியாது. நக்கிள்ஸ் மலைத்தொடர் ஒருபுறம்; தேயிலையும் மிளகுக் கொடிகளும் மறுபுறம். இத்தகைய ஊரிலிருந்து கொண்டு கடலடி முருகைக்கல்லைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் வினவலாம். என் மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியே அதற்குக் காரணம்.

கற்பிட்டிக் கடலின் செய்மதிப் படமொன்றை அன்று வகுப்பிலே காட்டினேன். நீலப் பரப்பினிடையே பழுப்புத் திட்டுகள் தெரிந்தன. வானத்திலிருந்து கடலடியைக் காண்பது எவ்வாறு என்று விளக்கலானேன்.

கதிரவனின் ஒளி நீருட் புகும்போது எல்லா நிறங்களும் ஒரே ஆழத்திற்குச் செல்வதில்லை. செந்நிறத்தைச் சில மீற்றருக்குள்ளேயே நீர் விழுங்கிவிடும். நீலமோ ஆழம்வரை சென்று அடித்தளத்திற் பட்டு மீளும். வெண்மணல் மிகுந்த ஒளியைத் திருப்பும். முருகைக்கல்லும் கடற்புல்லும் குறைவாகவே திருப்பும். ஆயினும் ஆழத்திற் கிடக்கும் மணலும் கருமையாய்த் தோன்றுமாதலால், நிறங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஆழத்தால் விளையும் மயக்கத்தைக் கணக்கிட்டுக் கழிக்கின்றனர். லாண்ட்சாட் செய்மதியின் படத்தில் ஒரு புள்ளி 30 மீற்றர்ச் சதுரம். சென்டினல்-2இன் படத்தில் 10 மீற்றர். இவற்றினும் நுணுக்கமான படங்களைக் கொண்டு, உலகின் ஆழமற்ற முருகைப் பார்களின் வரைபடத்தை 'அலன் கோரல் அற்லஸ்' திட்டத்தினர் 2021இல் நிறைவு செய்தனர்.

இவ்வளவும் கேட்டபின் அம்மாணவி எழுந்தாள். "சேர், இதில் உயிரோடு இருப்பது எது, செத்தது எது?" என்றாள்.

நான் சற்றே திகைத்தேன். 1998இல் இந்துமாக்கடல் வெப்பமுற்றபோது கற்பிட்டியிலும் ஹிக்கடுவையிலும் முருகைகள் பெருவாரியாக மடிந்தன. திருகோணமலைப் பார்கள் பெரும்பாலும் தப்பின. முருகைக்கு உணவும் நிறமும் தருவன அதன் உடலுள் வாழும் நுண்பாசிகள். வெம்மை மிகின் அவை வெளியேற்றப்படும், முருகை வெளிறும். வெம்மை நீடிப்பின் மடியும். சின்னாட்களில் அந்த எலும்புக்கூட்டின் மேல் வேறு பாசி படர்ந்து, அதுவும் பழுப்பாகிவிடும். உயிருள்ள முருகையும் பழுப்பே. செய்மதியின் கண்ணுக்கு இரண்டையும் பிரித்தறிவது மிகவும் அரிது. வரைபடத்தில் ஒரு சாண் பரப்பும் குறையாமலே ஒரு பார் செத்துக் கிடக்கலாம் என்பது எத்துணைக் கொடுமை!

ஆகவேதான் வரைபடம் வரைந்ததோடு பணி முடிவதில்லை. மூழ்கிச் சென்று, இடத்தைக் குறித்து, உயிருள்ளதையும் இறந்ததையும் கண்ணாற் கண்டு எண்ணுவோர் வேண்டும். எங்கே மூழ்குவது என்பதைச் செய்மதி சொல்லும். அங்கே என்ன நேர்ந்தது என்பதை மனிதனே சொல்லவேண்டும்.

"இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். எங்கள் மலையில் பெய்யும் மழை அம்பன் கங்கை வழியே மகாவலியைச் சேர்கிறது. குளங்களுக்கும் வயல்களுக்கும் போக எஞ்சியது கொட்டியாரக் குடாவிற் கடலடைகிறது. சரிவுகளில் அரிபடும் மண்ணும் அந்நீரோடு பயணம் போகிறது. கலங்கிய நீரில் செய்மதிக்கும் கண் தெரியாது; முருகைக்கும் ஒளி கிட்டாது.

அடுத்த பாடத்தை எங்கள் ஓடைக்கரையில் நடத்துவதாக இருக்கிறேன்.