பின்கட்டில் 250 கோடி வருஷம்

முன்கூடத்துக் கண்ணாடி அலமாரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நேராகப் பின்கட்டுக்கு வந்துவிடுங்கள். தெருக்கூத்தில் ஒப்பனைக் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கிற குதூகலம் இங்கேதான் கிடைக்கும். துவைகல், அதையொட்டி நாலு பிளாஸ்டிக் வாளி, தேய்ந்துபோன பல் பிரஷ்கள், உடைந்த டைல்ஸ், ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், எலுமிச்சம்பழம், எண்ண முடியாத காலித் தீப்பெட்டிகள். கனிமக் கல் சேர்ப்பவனின் சொத்தெல்லாம் இவ்வளவுதான்!

அர்த்தநாரீஸ்வரர் கோயிலால் எங்கள் ஊர் ரிஷிவந்தியத்தைத் தெரியும் உங்களுக்கு. எங்களுக்கு அது கல் விளைகிற சீமை. மேற்கே நிற்கிற கல்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து, மேலே வந்த கல் அது. வெயிலும் மழையும் பட்ட மேல்தோல் வெளுத்து, துருவேறிக் கிடக்கும். கொத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டுங்கள்! உள்ளே கரும்பச்சை, எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு, நடுநடுவே நீலம் கலந்த சாம்பல் நிறப் படிகங்கள்.

இந்தப் பாறைக்குப் பெயர் கிடைத்த கதை இன்னும் ஜோர். கல்கத்தாவை உருவாக்கியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைப் பலகை, சென்னைப் பக்கமிருந்து போன கல். தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் அதை ஆராய்ந்து, சார்னோக்கின் பெயரையே பாறைக்குச் சூட்டிவிட்டார். அதே இனத்துக் கல்தான் நம்மூரில் ஜல்லியாக உடைந்து லாரி ஏறுகிறது!

ஒரு லாரி ஓட்டுநரிடம் உருப்பெருக்கி லென்சைக் கொடுத்தேன்.

"ஜல்லிக்குப் போற கல்லு சார், இதுல போய் என்னா இருக்கப்போவுது?"

கண்ணருகே வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"உள்ளார ஒரு ஊரே இருக்குது சார்!"

சரி, கதவைச் சாத்துங்கள். விளக்கையும் அணைத்துவிடுங்கள். வயல்வரப்பில் கிடக்கும் வெள்ளை வெங்கச்சங்கல் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று அழுத்தி உரசுங்கள். பார்த்தீர்களா? கல்லுக்குள்ளேயே மஞ்சளாக ஒளி ஓடுகிறது! மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாசனை. தண்ணீருக்குள் வைத்து உரசினாலும் ஒளிரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததே இல்லை.

அடுத்தது விசாரணை. எந்தக் கல்லும் தானாகப் பெயர் சொல்லாது. நகத்தால் கீறல் விழுகிறதா? கண்ணாடியை அது கீறுகிறதா? டைல்ஸின் சொரசொரப்பான பின்பக்கத்தில் இழுத்தால் என்ன நிறத்தில் கோடு? கருகருவென்றிருக்கும் ஹெமடைட், செங்காவிக் கோடு போட்டு மாட்டிக்கொள்ளும். சுக்கான்கல் பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரை பொங்கும். சேலத்து வெள்ளைக்கல்லான மாக்னசைட் அதே சாற்றுக்கு அசையாமல் உட்கார்ந்திருக்கும். மழை விட்டதும் வாய்க்கால் ஓரம் படியும் கருமணலில், பாலிதீன் பை சுற்றிய காந்தத்தை ஓட்டுங்கள். மேக்னடைட் மீசை முளைக்கும்! கல்லைக் கழுவும்போது காக்காப்பொன் ஏடுகளுக்கு மட்டும் பிரஷ் கூடாது, உரிந்துவிடும்.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக் கல் ஒன்றும் இங்கே இருக்கிறது, கையில் வாங்கிப் பாருங்கள். வெளிறிய அனார்த்தசைட். நிலாவின் மேட்டுநிலமும் இந்த வகைப் பாறைதான். அதனால்தான் சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தைச் சோதிக்க, சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை அரைத்து இஸ்ரோ நிலா மண் தயாரித்தது. நாமக்கல் மாவட்டத்துக் கல்லுக்கு நிலாவில் பங்காளி!

கடைசியாக, இந்தப் பழைய நோட்டு. என் கண்ணுக்கு அலமாரியைவிட இதுதான் பெரிய சொத்து. கல்லின் மூலையில் நகப்பாலிஷால் ஒரு வெள்ளைப் பொட்டு, அதன்மேல் எண். அதே எண்ணில் நோட்டில் ஊர், ஓடை, தேதி, கூடக் கிடந்த கற்கள். இந்த வரி இல்லாவிட்டால் எவ்வளவு பளபளப்பான கல்லும் அநாதை. சென்னை அருங்காட்சியகமே 1851இல், சென்னை இலக்கியச் சங்கம் சேர்த்து வைத்திருந்த சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளோடுதான் தொடங்கியது. யாரோ குனிந்து எடுத்து, எங்கே எடுத்தோம் என்று எழுதி வைத்ததால் வந்த பொக்கிஷம் அது.

நீங்களும் தொடங்குங்கள். குவாரிக் குழிக்குள் இறங்காதீர்கள். உரிமையாளரிடம் கேட்டு, வெளியே கொட்டிய குவியலில் மட்டும் தேடுங்கள். திருவக்கரைக் கல்மரப் பூங்காவில் ஒரு சில்லையும் தொடாதீர்கள், அது எல்லாருக்கும் பொது. முதல் கல் கிடைத்ததும், வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காமல், நின்ற இடத்திலேயே ஊர்ப் பெயரையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.